நான்காவது கேள்வி

சாய்ந்தமருது
12.02.2007

றொஷேல் அக்காவுக்கு,

மிஸ் என்று தொடங்குவதா அக்கா என்று தொடங்குவதா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கெம்பஸில் எல்லாரும் உங்களை மிஸ் என்றுதான் சொல்கிறார்கள். நான் எழுத வந்தது சுனாமி முகாமில் என்னோடு ஒரே கோப்பைப் பிளேன்டீயைப் பாதி பாதி குடித்த றொஷேல் அக்காவுக்கு. அதனால் அக்கா.

உங்கள் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கோல் எடுத்தால் நீங்கள் முந்திக் கதைத்துவிடுவீர்கள், நான் கேட்டுக்கொண்டு இருந்துவிடுவேன். எனவே கடிதம். தமிழில் எழுதுவது ஆங்கிலம் வராததால் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு டொக்டர்மார் ஐந்து மாதம் என் வாயால்தான் எங்கள் ஊர் நோயாளிகளோடு கதைத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஆங்கிலப் பிளேஸ்மென்ட் டெஸ்ட் முடிவு ஒட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த இருநூற்றுப் பதினான்கு பேரில் நான் முதலாம் மட்டம். வீட்டில் சொன்னதும் உம்மா முதலாம் மட்டம் என்றால் முதலாம் இடம் என்று நினைத்து, இனிப்புக்குத் தொதல் கிண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டா. அது ஆகக் கடைசி மட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் மட்டம் இருந்தால்தான் ஆங்கிலமூலப் பட்டநெறிக்கு எடுப்பார்கள். கீழே கிடப்பவர்களுக்கு ஒரு வருடம் போகும்.

நான் ஏன் கீழே கிடக்கிறேன் என்று சொல்கிறேன். முதல் பகுதி இலக்கணம். இருபது நிமிடத்தில் முடித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். கிரகித்தல் பந்தி. கரையோர ஊர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தாய் பள்ளிக்கூட யன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்திருக்கிறாள். கழுத்தில் மகள். மற்றக் கையில் மூன்று வயது மகன். தண்ணீர்த் தாங்கி ஒன்று மிதந்து போகிறது. பிறகு அவள் மகனை விட்டுவிடுகிறாள். அதற்குக் கீழே கேள்விகள். நான்காவது கேள்வி: தாய் ஏன் மகனின் கையை விட்டாள்? நான்கு விடைகளில் பொருத்தமானதைத் தெரிவுசெய்க. கடைசி விடை, மகளைக் காப்பாற்றுவதற்காக.

அது என்னுடைய ராத்தா. அந்த யன்னல் கம்பியை எனக்குத் தெரியும். அந்த மகனை நான் இடுப்பில் வைத்துத் திரிந்திருக்கிறேன்.

ராத்தா இதை முகாமில் டொக்டரிடம் சொன்ன நாளில் மொழிபெயர்த்தது நீங்கள். சொந்தத் தங்கச்சி மொழிபெயர்க்கக் கூடாது, வெளியே இரு என்று என்னை அனுப்பினீர்கள். சரிதான் என்று நானும் போனேன். அந்த அறையில் கேட்டதை வினாத்தாளில் போடுவீர்கள் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

அந்தப் பந்திக்கு நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்த கட்டுரையையும் எழுத முடியவில்லை. மேற்பார்வைக்கு நின்றவர் சுகமில்லையா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இந்த வினாத்தாள் ஆங்கில அலகின் கோப்பில் இருக்கிறது, வருடா வருடம் பாவிப்பார்கள் என்று சொல்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

சுபைறா


பேராதனை
21.02.2007

அன்புள்ள சுபைறா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். உன்னுடைய மட்டம் பிழை என்பது எனக்குத் தெரியும். நான் இங்கே முதுமாணிப் படிப்புக்கு வந்துவிட்டாலும், அந்த வினாத்தாளைத் தயாரித்தவள் என்ற முறையில் அலகுக்கு எழுதலாம். வேறொரு தாளில் உனக்கு மறுபரீட்சை வைப்பார்கள். ஒரு மணித்தியால வேலை. கோபத்துக்காக ஒரு வருடத்தைக் கொடுத்துவிடாதே.

இனிப் பந்தியைப் பற்றி. இதற்கு முதல் அங்கே இருந்த தாளை நீ பார்த்ததில்லை. பனிமலையில் சறுக்கி விளையாடும் ஒரு குடும்பத்தைப் பற்றிய பந்தி. அக்கரைப்பற்றிலும் சாகாமத்திலும் இருந்து வந்த பிள்ளைகள் புகைபோக்கி எது, சறுக்குப் பலகை எது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு இருந்தார்கள். ஆங்கிலம் தெரியாது என்று அவர்களைக் கீழே போட்டோம். அவர்களுக்குத் தெரியாதது பனி. நான் அதை மாற்றினேன். எங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்ட ஒன்றை வாசிக்கட்டும் என்று எழுதினேன். இந்தமுறை அந்தப் பகுதியில் சராசரிப் புள்ளி நாலு கூடியிருக்கிறது. நான் நினைத்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. அன்றைக்குக் கோமாரியில் இருந்து பெரியநீலாவணை வரை எத்தனை தாய்மாருக்கு இது நடந்தது. வாசிக்கிற யாரும் உன் ராத்தாவை நினைக்கப் போவதில்லை. நீ நினைத்தாய், நீ தங்கச்சி என்பதால்.

உனக்கு நொந்திருக்கும். அதற்கு வருந்துகிறேன். ஆனால் பந்தியை எடுப்பது என்றால் எல்லாருடைய புள்ளியையும் கலைக்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை.

மறுபரீட்சைக்கு ஓம் என்று ஒரு வரி எழுது.

அன்புடன்
றொஷேல்


சாய்ந்தமருது
02.03.2007

றொஷேல் அக்காவுக்கு,

யாரும் நினைக்கப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் றபீக்கா என்று ஒருத்தி. என்னோடு கெம்பஸுக்கு ஒரே பஸ்ஸில் வருகிறவள். நல்ல பிள்ளை. உங்கள் பந்திக்கு எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதி மூன்றாம் மட்டத்துக்குப் போனவள். அவள் வீட்டில் சோறு தின்னும்போது, டெஸ்டில் ஒரு சுனாமிக் கதை வந்தது, இப்படி இப்படி, பள்ளிக்கூட யன்னலாம், மகளும் மகனுமாம், மகளைக் காப்பாற்ற மகனை விட்டுட்டாவாம் என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய உம்மா, அது நம்முட ஸைனம்புதானே என்று ராத்தாவின் பெயரைச் சொல்லியிருக்கிறா. எங்கள் ஊரில் பள்ளிக்கூட யன்னலில் தொங்கித் தப்பிய ஆட்கள் நூறு பேரா? அது பின்னேரத்துக்குள் மீன்வாடிக்குப் போய்விட்டது. மீன்வாடியில்தான் மச்சான் நிற்கிறார்.

மச்சானை உங்களுக்குத் தெரியாது. ராத்தாவின் மாப்பிள்ளை, சீனிமுகம்மது. மீன் லொறி ஓட்டுகிறவர். சுனாமி அன்று லொறியோடு கண்டியில் நின்றார். இரண்டு நாள் கழித்து நடந்தே ஊருக்குள் வந்தார். அதற்குப் பிறகு இந்த இரண்டு வருடமும் மகன் எப்படிப் போனான் என்று ராத்தாவிடம் ஒரு தரமும் கேட்கவில்லை. ராத்தாவும் சொல்லவில்லை. அப்படியே குடும்பம் நடத்தினார்கள்.

அந்த வியாழக்கிழமை வந்து கேட்டார். சத்தம் போடவில்லை. நீ விட்டியா என்று மட்டும் கேட்டார். ராத்தா வாயைத் திறக்க முதல் நான் குறுக்கே விழுந்து, அது பொய், கெம்பஸில் யாரோ எழுதினது என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அப்ப உனக்கும் தெரியும் என்று சொன்னார். ஒரு சாரத்தையும் சேட்டையும் எடுத்துக்கொண்டு அவருடைய உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கு எட்டு நாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டை விட்டுப் போவது என்றால் குடும்பம் பிரிந்த மாதிரித்தான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மறுபரீட்சை வேண்டாம். உங்கள் தயவில் மேலே ஏற மாட்டேன்.

ஒரு கேள்வி மட்டும். அன்று அந்த அறையில் ராத்தா என்ன சொன்னா? நீங்கள் ஆங்கிலத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. ராத்தா தமிழில் என்ன சொன்னா? வீட்டில் எங்களிடம் ஒரே ஒரு தரம் சொன்னா. அப்போது சொன்ன சொல் எனக்கு நினைவிருக்கிறது. 'கை உட்டுப் பெய்த்து' என்று சொன்னா. கை விடுபட்டுப் போய்விட்டது என்றுதான் சொன்னா, கையை விட்டேன் என்று சொல்லவில்லை. நீங்கள் கல்முனையில் பிறந்தவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா?

சுபைறா


பேராதனை
10.03.2007

சுபைறா,

உன் கடிதத்தை வாசித்த பிறகு பழைய பெட்டியைக் கிளறினேன். முகாமில் நான் வைத்திருந்த குறிப்புக் கொப்பிகள் மூன்றும் இருக்கின்றன. நோயாளி சொல்வதை முதலில் தமிழில் இரண்டொரு சொல்லாகக் குறித்துக்கொண்டு பிறகு மொழிபெயர்ப்பது என் பழக்கம். 2005 ஜனவரி பதினேழாம் திகதிப் பக்கத்தில் உன் ராத்தாவின் பெயர். அதற்குக் கீழே என் கையெழுத்தில்: யன்னல் கம்பி. மகள் கழுத்து. மகன் வலக்கை. கதவு வந்து அடிச்ச. கை உட்டுப் பெய்த்து.

கதவு என்று எழுதியிருக்கிறேன், சுபைறா. தண்ணீரில் வந்த கதவு அடித்துத்தான் அவவின் மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கைக்கு வைத்தியம் பார்க்கத்தான் அவ டொக்டரிடம் வந்தா. முறிந்த கையை என் மடியில் வைத்துக்கொண்டுதான் நான் மொழிபெயர்த்தேன்.

அன்றைக்கு வெளியே நாற்பது பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். டொக்டர், பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தொடங்க ஓர் ஆள் வேண்டும். உன் ராத்தாவின் வாக்கியத்தில் ஆள் இல்லை, கை மட்டும்தான் இருந்தது. நான் ஆளைப் போட்டேன். அவள் விட்டுவிட்டாள் என்று சொன்னேன். கை வழுகிப் போனது என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அவசரத்தில் கிட்டக் கிடந்த சொல்லை எடுத்தேன். இது முதல் பிழை. அவசரம் என்று இதை மன்னிக்கலாம்.

இரண்டாவது பிழைக்கு அவசரம் இல்லை. போன வருடம் வினாத்தாள் எழுதும்போது இதே கொப்பியை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். கதவைக் கண்டேன். கதவு வந்தால் நான்காவது கேள்வி வராது. கதவு அடித்தது, கை போனது, அதில் மாணவர் யோசித்துத் தெரிவுசெய்ய என்ன இருக்கிறது? தாய் தானாக விட்டாள் என்றால் ஏன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதனால் கதவை எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. வாசல் வரை வந்து திரும்பிப் போனது. எங்கள் வீட்டில் ஒரு கோப்பையும் உடையவில்லை. முகாமில் மற்றவர்கள் சொன்னதை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, அது என்னுடையது என்ற மாதிரி எனக்கு ஆகிவிட்டது போல. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இன்று அலகின் தலைவருக்கு எழுதிவிட்டேன். பந்தியை எடுக்க வேண்டும், அதற்குரிய இருபது புள்ளியையும் எல்லாருக்கும் நீக்கி மட்டங்களைத் திரும்பப் போட வேண்டும் என்று. காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். படிப்பு முடிந்து திரும்பி வந்தால் எனக்கு அங்கே வேலை இருக்குமோ தெரியாது. அதை நீ யோசிக்க வேண்டாம்.

இருபத்துநான்காம் திகதி சனிக்கிழமை கல்முனைக்கு வருகிறேன். உன் ராத்தாவைப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் எழுது, வர மாட்டேன்.

றொஷேல்


சாய்ந்தமருது
28.03.2007

றொஷேல் அக்காவுக்கு,

வேண்டாம் என்று நான் எழுதவில்லை. வாருங்கள் என்றும் எழுதவில்லை. அன்று காலை எனக்கு வீட்டில் இருக்கவும் முடியவில்லை. கெம்பஸ் நூலகத்தில் போய் இருந்தேன். ஒரு பக்கமும் வாசிக்கவில்லை.

பின்னேரம் வந்து ராத்தாவிடம் கேட்டேன். வந்த, தேத்தண்ணி குடிச்ச, போன என்று மூன்று சொல் சொன்னா. அதற்கு மேல் ஒன்றும் வாங்க முடியவில்லை. ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டு தனக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு இருந்தா. எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுகிறா.

மச்சான் திரும்பி வந்துவிட்டார். நீங்கள் வருவதற்கு நாலு நாளுக்கு முதலே. நான் ஒன்றும் செய்யவில்லை, உம்மாவும் ஒன்றும் செய்யவில்லை. ராத்தா தானே புர்காவைப் போட்டுக்கொண்டு பகல் பதினொரு மணிக்கு மாமி வீட்டுக்கு நடந்து போனா. நான் பின்னால் போனேன். மச்சான் வாசலில் லொறிக் கயிறு சுற்றிக்கொண்டு இருந்தார். மாமியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராத்தா கோணலாகப் பொருந்திய அந்த மணிக்கட்டை அவருக்கு முன்னால் நீட்டினா. "நான் விடல்ல. கதவொண்டு வந்து அடிச்ச, கை உட்டுப் பெய்த்து. நீங்க கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்" என்று சொன்னா. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தா. அவருக்காக நிற்கவில்லை. மச்சான் கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். எனக்கும் அவருக்கும் முன்னால் ராத்தா நடந்து போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. பல தரம் வாசித்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கதவைத் தெரிந்துதான் எடுத்தேன் என்று நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அதை எழுதினீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று என்ன நடந்தது? ராத்தா சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள்.

சுபைறா


பேராதனை
06.04.2007

அன்புள்ள சுபைறா,

சொல்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முயல்கிறேன்.

அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கினார். உன் ராத்தா பலகை வீட்டுக்கு முன்னால் இருந்து அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா. சுளகு ஒரு பக்கம் சரிந்தது, முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு புடைத்தா. என்னைக் கண்டதும் யார் என்று கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டா.

நான் மன்னிப்புக் கேட்பதற்கு என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தேன். இரண்டு வாக்கியம் சொல்லி முடிக்க முதல் கையைக் காட்டி நிறுத்தினா. எழுதினதைக் கொண்டுவந்தியா, வாசி என்றா. வினாத்தாள் என் பையில் இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்தேன். முழுக்கக் கேட்டா. பிறகு தமிழில் சொல்லச் சொன்னா. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நான் செய்த வேலையிலேயே ஆகக் கஷ்டமான மொழிபெயர்ப்பு அதுதான்.

அவ அழவில்லை. திருத்தினா. தாங்கி நீலம் இல்லை, கறுப்பு என்றா. மகள் கத்தவில்லை, நான்தான் கத்தினேன் என்றா. மகன் அழுததாக நான் எழுதியிருந்தேன். இல்லை, அவனுடைய ஒரு செருப்பு தண்ணியில போய்விட்டது, அதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தான், கடைசி வரைக்கும் அந்தச் செருப்பைத்தான் கேட்டான் என்றா. நான் கொப்பியை எடுத்தேன். அவ சொல்லச் சொல்ல எழுதினேன். நாலு பக்கம். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இடையில் ராத்தாவின் மகள் சிப்னா குர்ஆன் ஓதிவிட்டு வந்து ஒரு ஓரத்தில் இருந்தாள். அவளை எழுப்பி அனுப்பலாமா என்று பார்த்தேன். உன் ராத்தா, "இருக்கட்டும், அவளும் அங்க நிண்டவதானே" என்று சொல்லிவிட்டா.

எல்லாம் எழுதி முடிந்த பிறகு நான் சொன்னேன், இனிப் பயப்பட வேண்டாம், அந்தப் பந்தியை அடியோடு எடுத்துவிடச் சொல்லி எழுதிவிட்டேன், சுபைறாவும் அதைத்தான் கேட்டாள் என்று. அவவின் முகம் அப்போதுதான் மாறியது.

"சுபைறா கேட்டாளா? என்னட்ட ஆரு கேட்டது?"

நான் கொப்பியை மடியில் வைத்தேன்.

"இருநூறு புள்ளயள் பிழையா வாசிச்சிருக்காங்க. அதத் தூக்கி எறிஞ்சா அவங்க மனசில பிழையாத்தானே கிடக்கும். சரியா எழுதிக் குடுங்க, வாசிக்கட்டும். எண்ட மகன்ட பேரையும் போடுங்க. அவன் பேரில்லாத புள்ள இல்ல."

பரீட்சையில் அப்படிப் போட முடியாது என்று விளங்கப்படுத்தினேன். அப்படியென்றால் பரீட்சையில் வேண்டாம், படிக்கிற புத்தகத்தில் போடு என்றா. போடலாம், முதலாம் வருடத்துக்கு ஒரு வாசிப்புத் தொகுதி இருக்கிறது என்று சொன்னேன். வாசல் வரை என்னோடு வந்தா. அங்கே நின்று இன்னொன்று சொன்னா.

"கீழ கேள்வி போடாதீங்க."

இவ்வளவுதான் நடந்தது, சுபைறா. நான் உன் ராத்தாவிடம் கேட்காமல் எழுதினேன். நீ அவவிடம் கேட்காமல் அழிக்கச் சொன்னாய். உன்னுடைய குற்றம் என்னுடையதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

நாலு பக்கத்தையும் இத்தோடு அனுப்புகிறேன். இதை ஆங்கிலத்தில் நான் எழுத மாட்டேன். நீ எழுது. ஒவ்வொரு வரியையும் ராத்தாவிடம் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டி, அவ ஓம் என்ற பிறகு அடுத்த வரிக்குப் போ.

அலகின் தலைவர் பதில் எழுதினார். கடுமையாகத்தான். ஆனால் புள்ளியைத் திருத்தச் சம்மதித்திருக்கிறார். வாசிப்புத் தொகுதிக்கு உன் பக்கம் வந்தால் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

றொஷேல்


சாய்ந்தமருது
19.08.2007

அன்புள்ள றொஷேல் அக்காவுக்கு,

நாலு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. வேலை. நாலு பக்கத்தை ஆங்கிலமாக்க எனக்கு ஒன்பது கிழமை போனது.

நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தேன். பின்னேரங்களில் ராத்தா மீன் துப்புரவாக்கும்போது பக்கத்தில் இருந்து ஒரு வரி எழுதுவேன், தமிழில் திருப்பிச் சொல்வேன். பாதி வரிகளுக்கு இல்லை என்றுதான் சொன்னா. கை போன வரியில் மாத்திரம் ஆறு நாள் நின்றோம். நீங்கள் சொன்ன வில்லங்கம் உண்மைதான், ஆங்கிலம் ஆள் கேட்கிறது. கடைசியில் கதவை ஆளாக்கினேன். கதவு என் மகனை என் கையில் இருந்து எடுத்தது என்று வந்தது. ராத்தாவிடம் திருப்பிச் சொன்னேன். மீனைக் கீழே வைத்துவிட்டு, ஓம், கதவுதான் எடுத்த என்று சொன்னா.

நான் அழிக்கச் சொன்னதைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரி எனக்குச் சுட்டது. ஒரு கிழமை உங்களைத் திட்டினேன். பிறகு ராத்தாவிடம் போய்க் கேட்டேன். உன்னை மாதிரி ஒரு தங்கச்சி எனக்குச் சண்டை பிடிக்க இருக்கிறது நல்லதுதான், ஆனால் சண்டைக்கு முதல் என்னிடம் ஒரு சொல் கேள் என்று சொன்னா.

மட்டங்களைத் திரும்பப் போட்டார்கள். பத்தொன்பது பேர் மாறினார்கள். நான் மாறவில்லை, கட்டுரை வெறுமையாக இருந்ததால். மறுபரீட்சையைக் கேட்காமல் வாய்மொழிப் பரீட்சை கேட்டேன், எல்லாருக்கும் அந்த வழி வேண்டும் என்று பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கடிதம் கொடுத்தேன். வைத்தார்கள். உங்களைத் தெரியாத ஒரு விரிவுரையாளர். வீட்டில் இருந்து கெம்பஸுக்கு வரும் வழியைச் சொல்லு என்றார். பஸ், சோதனைச் சாவடி, பையைக் கொட்டிப் பார்க்கிறது, பாலத்தில் இறங்கி நடக்கிறது, திரும்ப ஏறுகிறது என்று கால் மணித்தியாலம் கதைத்தேன். போதும் என்று அவர்தான் நிறுத்தினார். மூன்றாம் மட்டம். ஆங்கிலமூலத்துக்கும் எடுத்துவிட்டார்கள். உம்மா திரும்பவும் தொதல் கிண்டினா. மூன்று எப்படி ஒன்றை விட மேல் என்று இன்றைக்கும் அவவுக்கு விளங்கவில்லை.

றபீக்கா புள்ளி போய் இரண்டாம் மட்டத்துக்கு இறங்கி ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவளும் வாய்மொழிக்கு வந்து ஏறினாள். இப்போது ஒரே வகுப்பு.

போன மாதம் கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வெடி கொளுத்தினார்கள். சாவடிகள் சில எடுபட்டுவிட்டன. பஸ் இருபது நிமிடம் முந்திப் போகிறது. அதற்கு மேல் என்ன மாறும் என்று எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

புதிய வாசிப்புத் தொகுதி செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வந்தது. பதின்மூன்றாம் பக்கம். யார் எழுதியது என்று போடவில்லை, சொன்னவர் ஸைனம்பு என்று போட்டிருக்கிறது. வகுப்பில் நாற்பது பேர். எல்லாரும் குனிந்து வாசித்தார்கள். முதலில் முடித்தவர்கள் பழக்கத்தில் கீழே கேள்வியைத் தேடினார்கள், தாளைப் புரட்டிப் பார்த்தார்கள். மிஸ் சும்மா நின்றா. கொஞ்ச நேரத்தில் தாள் புரட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது. பஸ்ஸில் றபீக்கா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். காரைதீவு வந்த பிறகு, "நான் நாலாவதுக்குக் கடைசி விடையப் போட்டன்" என்று சொன்னாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் தொகுதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மச்சான் லொறியால் இறங்கி நேரே கிணற்றடிக்குப் போய் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். துடைத்துவிட்டு வந்து பக்கத்தைக் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வாகன நம்பர் தகட்டைப் பார்த்துப் பார்த்து எழுத்துகளை மட்டும் தெரியும். விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. என், ஏ, எஃப், எல், ஏ, என் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இது நப்லான்தானே?"

"ஓம் மச்சான்."

எத்தனை இடத்தில் வருகிறது என்று கேட்டார். ஏழு என்றேன். ஏழையும் அவரே கண்டுபிடித்தார். பிறகு தொகுதியை என்னிடம் தந்து, முழுக்க வாசி, ஆங்கிலத்திலேயே வாசி, மெல்ல வாசி என்று சொன்னார். வாசித்தேன். மகனுடைய பெயர் வரும்போதெல்லாம் தலையை ஒரு தரம் அசைத்தார். சிப்னா அவருடைய முதுகில் சாய்ந்துகொண்டு இருந்தாள். ராத்தா அடுப்படி வாசலில் வந்து நின்றா.

முடித்து நிமிர்ந்தேன். இன்னொரு தரம் என்றார்.

சுபைறா